தோண்டுவதற்கு முன்னால்: எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணன் அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் சாப்பாட்டுக் கடை மாடியில் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மலைமேல் மண்டபம் கட்டும் திட்டத்தைச் சுவரில் படமாகப் போட்டுக் காட்டினீர்கள். அடியிலிருந்து உச்சி வரை சிமென்ட் படி, உச்சியைச் சமப்படுத்தி ஒரு மண்டபம், அதற்கு முன்னால் பெரிய வேல், பின்பக்கம் வண்டி ஏறி வர ஒரு பாதை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். என் பங்கு 500 வெள்ளி என்று எழுதியும் கொடுத்தேன். வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து அந்தப் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. மண்டபம் வரப்போகும் இடம் மாண்டவர் குழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்த கல் அறைகள், இருக்கும் இடம்.

அன்றே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் வந்துவிட்டேன். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை, புதுக்கோட்டை மாவட்டம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைப் போட்டால் புதையல் இருக்கும் என்று கடப்பாரையோடு கிளம்புகிறவர்கள் உண்டு. எந்த மலை என்று உங்களுக்குத் தெரியும்.

நம்மில் பலர் அந்த மலையில் ஆடு மேய்த்திருக்கிறோம். மேலே ஏறினால் பாறை முடிந்து கொஞ்சம் மண் தளம் வரும். அங்கே தலை அளவும் பானை அளவுமாகக் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் சின்னக் கற்களைக் குவித்து வைத்திருக்கும். இந்தப் பொங்கலுக்குப் போனபோது எண்ணினேன், என் கணக்குக்கு 23 வட்டங்கள் வந்தன. அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உயரம். ஆள் இடுப்பளவு மேடு, அதன் ஓரத்தில் மண் சரிந்து பலகைக் கல் வெளியே தெரியும். அந்தக் கல்லில் வட்டமாக ஒரு துளை.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது எங்கள் ஆட்டுக்குட்டி ஒன்று அந்தத் துளைக்குள் விழுந்துவிட்டது. அதைத் தூக்க நான் தலையை உள்ளே விட்டேன். வெளியே சித்திரை வெயில், உள்ளே தண்ணீர்ப்பானையைத் தொட்டாற்போல ஒரு குளிர்ச்சி. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், பாதி உயரத்துக்கு மண். குட்டியைப் பிடிக்கக் கையை நீட்டியபோது விரலில் ஒரு ஓடு பட்டது. எடுத்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கம் கறுப்பு, எண்ணெய் தடவியது போல வழவழப்பு. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு அடிக்கவில்லை, திட்டவில்லை. "எடுத்த இடத்துலயே வச்சுட்டு வா. அவுக சோறு தின்ன சட்டிடா அது" என்றார். மறுபடியும் மலை ஏறி வைத்துவிட்டு வந்தேன்.

அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தொல்லியலில் முதல் பாடமே அவர் சொன்னதுதான் என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. பொருள் எங்கே கிடக்கிறதோ அங்கேயே இருந்தால்தான் அது பேசும்.

சிலர் இதைப் பாண்டவர் குழி என்பார்கள், சிலர் குள்ளர் வீடு என்பார்கள். ஆய்வாளர்கள் மேலே குவித்திருப்பதைக் கற்குவை என்றும், சுற்றியிருப்பதைக் கல்வட்டம் என்றும், உள்ளே இருக்கும் கல் அறையைக் கற்பதுக்கை என்றும் சொல்கிறார்கள். துளைக்குப் பெயர் இடுதுளை. எல்லாம் இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள். இறந்தவரின் எலும்புகளைச் சேகரித்து, அவர் புழங்கிய சட்டி, கத்தி, மணி எல்லாவற்றையும் கூடவே வைத்து மூடியிருக்கிறார்கள். சுடுவது, வெளியில் இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழி என்ற பெரிய பானையில் கவிப்பது என்று ஐந்து முறைகளை மணிமேகலை வரிசையாகச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிக்குச் சாட்சி நம் ஊர் மலையில் இருந்திருக்கிறது, நமக்கு யாரும் காட்டித் தரவில்லை.

இப்படி ஒரு குழிக்குள் என்ன இருக்க முடியும் என்பதற்குப் பழனிக்குப் பக்கத்தில் உள்ள பொருந்தல் என்ற ஊரைச் சொல்கிறேன். 2009, 2010 ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. ஒரு கல்லறையைத் திறந்தபோது நான்கு கால் வைத்த ஒரு சாடி இருந்தது. சாடிக்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல். அந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் பார்த்ததில் கி.மு. 490 என்று வந்தது. அதே கல்லறையில் பானை வைக்கும் பிரிமனை ஒன்றில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் 'வயிர' என்று கீறியிருந்தது. நெல்லும் எழுத்தும் ஒரே அறையில், யாரும் கலைக்காமல் இருந்ததால்தான் எழுத்தின் காலத்தை நெல்லை வைத்துச் சொல்ல முடிந்தது. யாராவது முன்பே புகுந்து சாடியை உருட்டிவிட்டிருந்தால் நெல் மண்ணோடு போயிருக்கும், பிரிமனை வெறும் ஓட்டுத் துண்டாகியிருக்கும்.

தூத்துக்குடிப் பக்கம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கிடைத்ததை 2021-இல் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம். நம் குழுவில் அதற்கு எத்தனை கைதட்டல் படம் வந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. 2022 மே மாதம் கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோதும் அப்படித்தான். அந்தப் பெருமைக்கெல்லாம் மூலம் இந்த மாதிரி மேடுகள்தான். நம் மலையில் இருப்பது எத்தனை ஆண்டுப் பழசு என்று இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை. அளப்பதற்குள் நாமே சமப்படுத்திவிடக் கூடாது.

போன வாரம் ஊரிலிருந்து ஒரு காணொளி வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜேசிபி மலையடியில் நிற்கிறது, பாதை பாதி தூரம் ஏறிவிட்டது. வழியில் இருந்த இரண்டு கல்வட்டங்கள் இல்லை. அந்தக் கற்களை ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். "அஸ்திவாரத்துக்குக் கல்லு வெளியில வாங்க வேண்டாம், இதுவே போதும்" என்று வேலை எடுத்தவர் சொல்வது காதில் விழுகிறது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அது கல், நாம்தான் அது என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். பெரிய மேடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நம்பித்தான் இந்த மடல்.

நம் சங்கத்தில் பாதிப் பேர் கட்டுமான வேலையில் இருக்கிறோம். நான் 19 வருடமாகச் சைட்டில் மேற்பார்வை பார்க்கிறேன். இங்கே எக்ஸ்கவேட்டர் மண்ணில் பல்லை வைப்பதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பெர்மிட் வேண்டும். கேபிள் வரைபடம் வாங்க வேண்டும். உரிமம் பெற்ற ஆள் கருவியோடு வந்து தரையைத் தடவிப் பார்த்து, எங்கே மின்கம்பி போகிறது என்று பெயின்டால் கோடு போட்டுத் தருவார். சந்தேகம் இருந்தால் முதலில் கையால் தோண்டிப் பார்ப்போம். ஒரு மின்கம்பி அறுந்தால் இரண்டு மூன்று நாளில் சரி செய்துவிடலாம், அதற்கே இவ்வளவு. அதே நாம், நம் ஊர் மலையில் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு ஆளைக் கூடக் கூப்பிட்டுக் கேட்காமல் வண்டியை ஏற்றியிருக்கிறோம்.

சிங்கப்பூரில் கல்லறைகளையே எடுத்துவிட்டு வீடு கட்டவில்லையா என்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு கல்லறைத் தோட்டமாக இருந்த பிடாடாரியில் இன்று வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீடுகள் நிற்கின்றன. ஆனால் 2001 முதல் 2006 வரை அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தபோது முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்தார்கள், குடும்பங்கள் வந்து பதிந்துகொண்டார்கள், எடுத்த எலும்புகளை முறைப்படி சேர்த்தார்கள். இடம் இல்லாத தீவில் அப்படி ஒரு முடிவு எடுத்தார்கள். அது சரியா தவறா என்று இங்கேயே பலர் இன்னும் மனம் ஆறாமல் பேசுகிறார்கள். நம் ஊரில் இடத்துக்கு என்ன பஞ்சம்? மலையைச் சுற்றிப் பொட்டல்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஆறு கடலில் சேரும் இடத்தில் 10 அடி உயரத்துக்கு ஒரு கல் இருந்தது, அதில் ஏறக்குறைய 50 வரி எழுத்து. 1819-இல் காட்டை வெட்டும்போது கண்டார்கள். 1843-இல் ஆற்று வாயை அகலமாக்கவும் கோட்டைக்கு இடம் வேண்டும் என்றும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு நம் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. என் மகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். யாராலும் இன்னும் முழுசாகப் படிக்க முடியவில்லை என்றேன். மற்ற வரிகள் எங்கே என்றாள். உடைத்துவிட்டார்கள் என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது, நான் உடைக்கவில்லை என்றாலும். நம் மலையைப் பற்றி நம் பேரப்பிள்ளைகள் கேட்டால் அந்தப் பதிலை நாம் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. நமக்கு இருக்கிறது. மாநில அரசுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம், மத்திய அரசுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டிலுமே ஒரு இடத்தைப் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்று அரசிதழில் அறிவிக்க முடியும். மத்தியச் சட்டப்படி முதலில் 'இப்படி அறிவிக்கப் போகிறோம்' என்று ஒரு அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தருவார்கள், அப்புறம்தான் உறுதி செய்வார்கள். அறிவித்த பிறகு அதைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சித்தன்னவாசல் போகிற வழியில் தொல்லியல் துறையின் நீலப் பலகை பார்த்திருப்பீர்களே, அங்கே ஈமக்காடும் சேர்ந்துதான் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தப் பலகை நம் மலையில் இல்லை. பலகை இல்லாததால் அது சும்மா கிடக்கும் கல் என்று எல்லோரும் நினைக்கிறோம்.

இங்கேதான் கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2010-இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சென்னை பல்லாவரத்தில் இதே மாதிரி ஈமச்சின்ன மேட்டைச் சுற்றி வீடு வைத்திருந்தவர்கள் பட்ட கஷ்டம் செய்தியில் வந்தது. அவர்கள் வேதனை உண்மை. ஆனால் அங்கே ஊர் மேட்டை ஒட்டி வளர்ந்துவிட்டது. நம் உச்சியிலிருந்து 300 மீட்டர் அளந்தால் மலைச்சரிவைத் தாண்டாது. கடைசி வீடு மலையடியிலிருந்தே ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தவிர இந்த 100, 200 கணக்கு மத்திய அரசின் பட்டியலில் இருக்கும் இடங்களுக்கு. நான் கேட்கச் சொல்வது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பை.

சாமி கும்பிட விடமாட்டார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. தினம் பூசை நடக்கிறது, பிரதோஷத்துக்குக் கூட்டம் தாங்காது. நம் மலையில் கார்த்திகைக்கு ஏற்றும் விளக்கை யாரும் அணைக்கச் சொல்லப் போவதில்லை.

"நம்ம சாமி பெருசா, யாரோ பொதைச்ச பொணக்குழி பெருசா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் மகன் என் கூட வேலை பார்க்கிறான். அண்ணே, அது யாரோ இல்லை. நம் ஊர்க் காவல் தெய்வத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். ஊருக்காகச் செத்தவர், செத்த இடத்தில் கல் நட்டார்கள், கல்லுக்குப் பொங்கல் வைத்தார்கள், கோயில் ஆனது. நம் சாமியே புதைத்த இடத்திலிருந்து எழுந்தவர்தான். அந்தக் கல்வட்டத்துக்குள் செருப்புக் காலோடு போகாதே என்று நம் எல்லோர் வீட்டிலும் சொல்லித்தானே வளர்த்தார்கள்? அந்த வழக்கத்தைக் காப்பாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 18 வெள்ளி, 20 வெள்ளி தினக்கூலியில் வேலை பார்க்கும் தம்பிகள் சாமிக்கென்று 50 வெள்ளி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காசு நல்லபடியாக நிற்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், மண்டபத்தை மலையடியில் ஊருணிக் கரைக்கு மாற்றுங்கள். அங்கே நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. முழங்கால் வலிக்கிற அப்பத்தாக்களும் வந்து உட்காருவார்கள். படி வேண்டுமென்றால் மேற்குப் பக்கம் பாறைமேலேயே வெட்டாமல் வைக்கலாம், அந்தப் பக்கம் குழிகள் இல்லை. ஆனாலும் தொல்லியல் துறை ஆள் பார்த்துச் சொன்ன பிறகுதான். மலை புறம்போக்கு நிலம். அது சங்கத்தின் சொத்தும் இல்லை, கோயிலின் சொத்தும் இல்லை. அனுமதி இல்லாமல் பாதை போட்டதே நாளைக்கு நம் தலையில் வந்து விடியும்.

மணி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். எழுதக் கூடாது என்று இரண்டு நாள் யோசித்தேன். பாதை வெட்டும்போது கிடைத்தது என்று ஒரு சூதுபவள மணியை உறுப்பினர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்து அன்று எல்லோருக்கும் காட்டினார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளை முத்து மாதிரி சிவக்கிறது, நடுவில் நூல் நுழையும் துளை நேராகப் போகிறது. அந்தத் துளையைப் போட்டவரின் பொறுமையை நினைத்து நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அவர் ஆசையாகத்தான் கொண்டுவந்தார், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் 100 ஆண்டுக்கு மேல் பழைய தொல்பொருளைத் தனியாள் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1972-இலிருந்து சட்டம் இருக்கிறது. மண்ணுக்கடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது 1878-இலிருந்தே இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருப்பிக் கொண்டுபோய், கிடைத்த இடத்தை எழுதி, திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்திலோ தாசில்தாரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவரோடு நானும் வருகிறேன். பயப்பட ஒன்றும் இல்லை, நாமாகப் போய்க் கொடுப்பது வேறு.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். முதலில் இன்றே ஊருக்குப் போன் போட்டு ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள், ஒரு நாள் வாடகை வீணானால் அதை நான் தருகிறேன். ஒதுக்கி வைத்த வட்டக் கற்களை யாரும் மறுபடி அடுக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். பெரிய மேட்டையும் எல்லா வட்டங்களையும் கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் மலை உச்சியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கக் கோரி தீர்மானம் போட வேண்டும். தீர்மான நகல், புலப்படம், படங்கள் எல்லாம் சேர்த்து மாநிலத் தொல்லியல் துறைக்கும் கலெக்டருக்கும் மனு. பொற்பனைக்கோட்டையில் 2023-இலிருந்து அந்தத் துறை தோண்டிக்கொண்டிருந்தது, நம் மாவட்டம் அவர்களுக்குப் புதிதில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் கேட்டால் ஒரு பலம், சிங்கப்பூர்ச் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னொரு பலம். மண்டபத்துக்குச் சேர்ந்த காசில் ஒரு பைசாவும் இதற்கு வேண்டாம்.

வரும் ஞாயிறு மாலை கூட்டத்துக்கு மனுவின் வரைவை எடுத்து வருகிறேன். புல எண்ணுக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஊரில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது கிராம நிர்வாக அலுவலரிடம் நிலக் கணக்கு இருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்து அதற்குள் சொல்லிவிட்டால் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிடலாம். கடை மாடியை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன், இரவு வேலைக்குப் போகிற தம்பிகள் முன்னாலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
சிங்கப்பூர்